கரகரப்புக் குரல்

தண்ணியெல்லாம் வேணாம் டீச்சர், பாட்டிலை மூடி வைங்க. நான் விருந்துக்கு வரல, சண்டை போட வந்திருக்கேன். நீங்க உக்காருங்க. நான் நின்னுக்கிட்டே பேசுறேன். இருபது வருஷமா மைக்கு முன்னாடி நின்னே பொழச்சவன் நான்.

ஆமா, உங்க ஏழாங்கிளாஸ் பொண்ணோட அப்பாதான். ரெண்டாவது பெஞ்சு, ஜன்னலோரம். நல்லாப் படிக்கிறாளா? அது எனக்குத் தெரியாதா? அவ படிப்பைப் பத்திப் பேச வரல. என் பொண்ணு என்கிட்ட பேசி இன்னையோட இருபத்தோரு நாளாச்சு. அதுக்குக் காரணம் நீங்க. நீங்களும் இந்தச் சுவத்துல ஒட்டியிருக்கிற சார்ட்டும்.

யார் சொல்றாங்க, யாருக்குச் சொல்றாங்க, எதைச் சொல்லாம விட்டாங்க. அடேங்கப்பா! பன்னெண்டு வயசுப் புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுங்கன்னா, விளம்பரத்தை அக்குவேறா ஆணிவேறா பிரிக்கக் கத்துக் குடுத்திருக்கீங்க.

புரியுது, புரியுது. புள்ளைங்க சிகரெட்டு பக்கம் போயிடக் கூடாது, அதானே? நல்ல எண்ணம்தான், யாரு இல்லைன்னா? ஆனா அதுக்கு உங்களுக்கு வேற விளம்பரமே கெடைக்கலியா? அந்தப் புதினா சிகரெட்டு விளம்பரத்தைத் தடை பண்ணி எட்டு வருஷமாச்சு. கம்பெனிக்காரனே மறந்துட்டான். அதை எங்கேருந்து தோண்டி எடுத்தீங்க? வேலியில போன ஓணானைப் புடிச்சு என் மடியில விட்டுட்டீங்களே!

பதினெட்டு செகண்டு. யாரு மூஞ்சியும் வராது. மழை, ஒரு மோட்டார் சைக்கிள், தீக்குச்சி உரசுற சத்தம். அப்புறம் ஒரு குரல் மட்டும் வரும். உன் ரோடு, உன் காத்து, நீ யாருக்குடா பதில் சொல்லணும்?

என்ன முழிக்கிறீங்க? நான்தான். இப்ப தேஞ்சு போச்சு, அதான் உங்களுக்குப் புடிபடல. அவளுக்கு முதல் வார்த்தையிலயே தெரிஞ்சிருக்கும். அவளைத் தூங்க வச்ச குரலாச்சே.

கிளாஸ்ல வாயே தெறக்கல, இல்ல? அழுத்தக்காரி. வீட்டுக்கு வந்து வீட்டுப்பாடத்தை மட்டும் எழுதியிருக்கா. யாருக்குச் சொல்றாங்கன்னா, அண்ணன் இல்லாத பசங்களுக்கு அண்ணன் மாதிரி சொல்றாங்களாம். எதைச் சொல்லாம விட்டாங்கன்னா, காலையில வர்ற இருமலையாம். நீங்க ஓரத்துல சிவப்பு மையில எழுதினீங்களே, நல்ல கற்பனைன்னு. கற்பனையாம்! தினமும் பாத்ரூம் கதவுக்கு வெளிய பல்லு வெளக்குற பிரஷ்ஷோட நின்னு கேக்குறவ டீச்சர் அவ.

ரெக்கார்டிங்ல இருமலை வெட்டத்தான் செய்வாங்க. நாங்க மூச்சையே வெட்டுவோம். தொழில் அது.

அவளுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. அந்த விளம்பரத்துக்கு முன்னாடி நான் சிகரெட்டைத் தொட்டதே இல்ல. சத்தியமா. குரல் பால் மாதிரி வழவழன்னு இருக்கு, கரகரப்பு வேணும்னான் டைரக்டர். கையில ரெண்டு பாக்கெட்டைத் திணிச்சு, மத்தியானத்துக்குள்ள ஊதி முடிச்சுட்டு வாங்கன்னான். நானும் கூறு கெட்டவன், படிக்கட்டுல உக்காந்து வாந்தி எடுத்து எடுத்து முடிச்சேன். டேக் ஓகே. அதுக்கப்புறம் பெயிண்டு கம்பெனிக்காரன் வந்தாலும் சரி, இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் வந்தாலும் சரி, அந்தக் கரகரப்புதான் வேணும்னான். விட்டா குரல் போயிடும், குரல் போனா பொழப்பு போயிடும். எப்படி விடுவேன், நீங்களே சொல்லுங்க?

அவ அந்த வீட்டுப்பாடம் எழுதின அன்னைக்கு ராத்திரி, சாப்பிட்டியாம்மான்னு கேட்டேன். அவ நிமிர்ந்து பாத்து, இதுக்கு எத்தனை டேக் எடுத்தீங்கன்னு கேட்டா. நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. அதுதான் கடைசி. அதுக்கப்புறம் எல்லாம் அவங்க அம்மா வழியா தூதுதான். அந்த மனுஷனை லைட்டை அணைக்கச் சொல்லு. பெத்த அப்பன் டீச்சர், அந்த மனுஷனாம்!

அவளை உக்கார வச்சுப் பேசுறதா? நல்லாச் சொன்னீங்க போங்க. நான் வாயைத் தெறந்தாலே அவளுக்கு அது விளம்பரம். பாசமாப் பேசினா நடிப்பு, அதட்டினா அதுவும் நடிப்பு. நீங்க மன்னிப்புக் கேட்டு நான் என்ன பண்றது? நீங்க சொல்லிக் குடுத்தது தப்புன்னு ஒரு வார்த்தை என் வாயில வந்தா நான் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவேன். வர மாட்டேங்குது. அதான் வயிறு எரியுது.

சிகரெட்டா? விட்டு ரெண்டு மாசமாச்சு. நானா விடல, விட வச்சாங்க.

சரி, சண்டையெல்லாம் போதும். எனக்கு ஒண்ணு பண்ணுங்க. நீங்க குடுக்கிற வீட்டுப்பாடம்னா அவ சோறு தண்ணி இல்லாம செய்வா. இன்னைக்கு ஒண்ணு குடுங்க. அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ அரை மணி நேரம் கேள்வி கேட்டு, ரெக்கார்டு பண்ணிட்டு வரணும்னு. அவளுக்கு மட்டும் குடுத்தா மோப்பம் புடிச்சுடுவா, கிளாஸ் மொத்தத்துக்கும் குடுங்க. அப்பான்னே போட்டுட முடியாதா? முடியாதுதான், அப்பா இல்லாத புள்ளைங்க இருக்கும். சரி, பெரியவங்கன்னு போடுங்க. அவங்க அம்மாவை நான் ரெண்டு நாளு அக்கா வீட்டுக்கு அனுப்பிடுறேன். என்ன வேணா கேக்கட்டும். திட்டணும்னா திட்டட்டும்.

ஒரு வாரம் டைம் குடுப்பீங்களா? ஐயோ, இல்ல டீச்சர், திங்கக்கிழமை காலையில கொண்டு வரணும்னு சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை எனக்கு ஆபரேஷன். குரல்வளையை மொத்தமா எடுத்துடுறாங்க. அவங்க அம்மாவுக்குத் தெரியும். இவளுக்குச் சொல்லல, சொல்லவும் மாட்டேன், அதுவரைக்கும். சொன்னா பாவம் பாத்துப் பேசுவா. எனக்கு அது வேணாம், கோவத்தோடயே பேசட்டும்.

போர்டுல எழுதுங்க டீச்சர், பசங்க வந்துடுவாங்க.