எட்டாம் எண்ணிக்கையில் மஞ்சள் விளக்கு

ஒத்திகையின் நடுவே புகை எச்சரிக்கை மணி அலறியது. மேடைப் புகை மெஷினை வைத்தால் சில அரங்குகளில் இப்படி ஆவது வழக்கம். அடுப்புப் புகை எது, நாட்டியப் புகை எது என்று மணிக்குத் தெரியாது. வாட்ச்மேன் பதறிப்போய் மெயினை அணைத்துவிட்டார். கும்மிருட்டு. எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். பத்து நிமிடம் கழித்து விளக்கு வந்தபோது, நாலரை அடி உயர மரத் தளத்தின் மேல் ஒருத்தி மட்டும் அப்படியே நின்றிருந்தாள். முத்திரை பிடித்த கையைக்கூட இறக்கவில்லை. என் மகள் வித்யாலட்சுமி.

"ஏன்மா, நீ ஓடலையா?" என்றேன்.

"லைட் ராலேது கதாப்பா," என்றாள். லைட் வரவில்லையே என்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். இங்கே ஹைதராபாத்திலேயே பிறந்து படித்த பிள்ளை.

மேடம், எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்பது அந்த மணிதான். தெலுங்கு பேசுவேன், எழுத வராது. மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்று நீங்கள் சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

என் பெயர் வேணுகோபால். ஐம்பத்தாறு வயது. என் தாத்தாவின் அப்பா காலத்திலிருந்து நாங்கள் செகந்திராபாத். இப்போது குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் வீடு. பாலாநகரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். மேடை விளக்கு என் ஞாயிற்றுக்கிழமைத் தொழில். இருபது வருடத்தில் ஒரு விளக்குகூட நேரம் தவறி எரிந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

எங்கள் வீட்டில் நாலு பேர். முதலில் மகன் அனந்தகிருஷ்ணன் புனேவுக்கு வேலைக்குப் போனான். பிறகு மருமகளின் பிரசவத்துக்கு என்று என் மனைவி சாந்தா அங்கே போனாள். மூன்று மாதம் என்றுதான் போனாள். இரண்டு வருடம் ஆயிற்று. "இங்க குழந்தைய யார் பாத்துப்பா சொல்லுங்கோ," என்று போனில் கேட்பாள். நியாயமான கேள்விதான். என்னை யார் பார்த்துப்பா என்று நான் திருப்பிக் கேட்டதில்லை. வித்யா இருந்தாள்.

போன ஜூனில் வித்யாவுக்கு பெல்ஜியத்தில் ஒரு நடனக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். செப்டம்பர் ஒன்றாம் தேதி சேர வேண்டும், தவறினால் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு இடம் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன்.

"ரெண்டேள்ளே கதாப்பா. ஃபிக்கர் நக்கோ," இரண்டே வருடம்தானே, கவலை வேண்டாம் என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். சாந்தா மூன்றே மாதம் என்றாள். அனந்து ஒரே புராஜெக்ட் என்றான்.

நான் எடுத்த எடுப்பிலேயே தப்பு வழிக்குப் போகவில்லை. முதலில் நெஞ்சு வலி என்றேன். அவளே ஆட்டோ பிடித்து அழைத்துப்போய் ஈசிஜி எடுத்தாள். ஹார்ட் சூப்பர், இன்னும் நாற்பது வருடம் கியாரண்டி என்று தெலுங்கில் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், அன்று மாலையே டிக்கெட் போட்டாள். பிறகு பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டின்னில் புதைத்தேன். இரண்டாம் நாள் அரிசி களையப் போனவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். சிரித்தாள். திட்டியிருந்தால்கூட ஏதாவது பேசியிருக்கலாம்.

அவள் வகுப்புக்குப் போன மாலை நேரங்களில் நான் நாலு நாற்காலியையும் ஒவ்வொன்றாக நகர்த்தி, சத்தம் எழுப்பிப் பார்ப்பேன். அடுத்த வீட்டுக்காரர் ஒருமுறை, "வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி அவளுடைய வழியனுப்பு நிகழ்ச்சி. அதற்கான ஒத்திகையில்தான் மணி அலறியது. இருட்டில் அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது, பல வாரங்களுக்குப் பிறகு என் மனம் அமைதியாக இருந்தது.

மேடையை விளக்குகிறேன். இரண்டு உயரமான மரத் தளங்கள், நடுவில் நான்கடி இடைவெளி. ஐந்தாவது நடனம் இருட்டில் தொடங்கும். பன்னிரண்டாம் எண்ணிக்கைக்குள் பூர்ணா, வித்யாவின் தோழி, சக்கரம் வைத்த மரப் பாலத்தை இடைவெளிக்குள் தள்ளிவிடுவாள். பதினாறில் எதிர்த் தளத்தின் விளிம்பில் மஞ்சள் விளக்கு வரும். பாலம் வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். வித்யா கீழே பார்க்காமல் கால் வைத்து நடந்து வருவாள். பார்ப்பவர்களுக்கு இருட்டின் மேல் நடப்பதுபோல் இருக்கும். அந்த யோசனை அவளுடையது.

இனி மிடி. நான் விளக்குகளைக் கையால் போடுவதில்லை. மிடி என்பது இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழி. கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினால் 'இந்தக் கட்டை அமுங்கியது' என்று கேபிள் வழியாகச் செய்தி போகும். அந்தச் செய்தியை வைத்து ஒலியும் எழுப்பலாம், விளக்கும் போடலாம். ஒரே கேபிளில் பதினாறு சேனல்கள் உண்டு. ஒரே அறையில் பதினாறு பேர் பேச, ஒவ்வொரு கருவியும் தனக்கான குரலை மட்டும் கேட்பதுபோல. என் விளக்குப் பெட்டி பதினாறாம் சேனலை மட்டும் கேட்கும். அதில் லேப்டாப் பேசும். கணேஷ்குமாரின் கீபோர்டு ஒன்றாம் சேனல். இரண்டும் ஒரே கேபிளில் வந்தாலும் கலக்காது. அடிமட்டக் கட்டைகள் பன்னிரண்டையும் விளக்குகளுக்கு ஒதுக்கியிருந்தேன். ஆகக் கீழே இருக்கும் கட்டை மஞ்சள் விளக்கு.

கணேஷ்குமார் கோவில்பட்டிப் பையன். இங்கே ஐ.டி. கம்பெனி வேலை, சனி ஞாயிறு வாசிப்பு. நல்ல பிள்ளை. நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் அவனிடம், "தம்பி, அஞ்சாவது பாட்டுல எட்டாம் எண்ணிக்கைக்கு ஆகக் கீழே இருக்கற கட்டைய ஒரு தட்டு தட்டுங்க. இருட்டுல ஹால் அதிரணும்," என்றேன்.

"அட, நம்ம அண்ணாச்சிக்குள்ளயும் ஒரு இசையமைப்பாளர் ஒளிஞ்சிருக்காரே," என்று சிரித்தான். "அடிச்சுத் தூக்கிருவோம் அண்ணாச்சி."

நிகழ்ச்சியன்று நாலாவது நடனம் முடிந்த இடைவேளையில் எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். கணேஷும் டோனை மாற்றி வைத்துவிட்டுப் போனான். நான் அவன் கீபோர்டின் சேனலை ஒன்றிலிருந்து பதினாறுக்கு மாற்றினேன். ஒரு பொத்தான், ஒரு சக்கரம். அரை நிமிட வேலை. அதன் ஒலியில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஐந்தாவது பாட்டில் அவன் விரல்கள் முழுக்க மேல்கட்டைகளில்தான், அந்த ஒரு தட்டைத் தவிர.

லேப்டாப்பிலேயே நேரத்தை மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மாற்றியிருந்தால் அது என் பிழை ஆகியிருக்கும். சேனல் மாறிப்போவது யாருடைய குற்றமும் இல்லை. மிடி வைத்து வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது நடந்திருக்கும். கணேஷ் மேல் பழி போட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு விரல் தேவைப்பட்டது. அவனுடையது அங்கே இருந்தது.

நாலரை அடி என்பது பெரிய உயரம் இல்லை. சின்ன வயதில் காலனி மதில் சுவரிலிருந்து இரண்டு முறை குதித்து அவள் கணுக்கால் சுளுக்கியிருக்கிறது. ஆறு வாரக் கட்டு. செப்டம்பர் ஒன்று கடந்துவிடும். அதற்குமேல் நான் எதையும் விரும்பவில்லை.

எட்டாம் எண்ணிக்கையில் ஹால் அதிர்ந்தது. மஞ்சள் விளக்கு வந்தது. பூர்ணா பாலத்தின் பின்னால் தன் எண்ணிக்கைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். வித்யா கால் வைத்தாள்.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. நடனத்தின் முடிவில் பாலத்தை அடியிலிருந்து காட்ட, இடைவெளியின் தரையில் நானே ஒரு விளக்கை வைத்திருந்தேன். அதன் இரும்புத் தாங்கி மேல் அவள் முதுகு விழுந்தது.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று மூன்றாம் நாள் சொன்னார்கள்.

அன்று மேடையில் கூட்டம் கூடி, ஆம்புலன்ஸ் போன பிறகு, எப்படி நடந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். நான் ஆம்புலன்ஸில் ஏறவில்லை. அதில் பூர்ணாவை அனுப்பினேன். கீபோர்டின் திரையை எல்லோரும் பார்க்கும்படி திருப்பி, "சேனல் பதினாறுல இருக்கே தம்பி," என்றேன்.

கணேஷ் குனிந்து திரையைப் பார்த்தான். "நான் தொடலையே அண்ணாச்சி... இடைவேளைல டோன் மாத்துனேன். அப்போ கை பட்டிருக்குமோ?"

"பட்டிருக்கும். விடுங்க. வேணும்னா செஞ்சீங்க?"

ஆறுதலாகத்தான் சொன்னேன். தோளில் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

சாந்தா மறுநாளே விமானத்தில் வந்து இறங்கினாள். திரும்பிப் போகவில்லை. அனந்து வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கி, மனைவி குழந்தையோடு வந்துவிட்டான். நான் விருப்ப ஓய்வு எடுத்துக்கொண்டேன். வித்யாவை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது என் வேலை. படுக்கைப்புண் வரக்கூடாது. எட்டு மாதத்தில் ஒன்றுகூட வரவில்லை. அவளுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியின் நர்ஸ் ஆக்னஸ், "அங்கிள், எங்க வார்டுலகூட இப்படிப் பாத்துக்க மாட்டோம்," என்றாள். சாப்பாட்டு மேஜைக்கு நாற்காலி போதவில்லை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டோம்.

சனிக்கிழமைதோறும் கணேஷ் வருவான். வித்யாவின் கட்டில் காலருகில் தரையில் உட்கார்ந்து அழுவான். நான் காபி போட்டுக் கொடுப்பேன். கீபோர்டைத் தொடுவதே இல்லை என்றான். பிறகு வேலையை விட்டுவிட்டேன் என்றான். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. சாப்பிட்டுப் போகச் சொல்வேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் இவர்கள் எல்லோரும் என்ன ஆவார்கள் என்று யோசித்தேன். குடும்பம் மறுபடி சிதறிவிடும்.

என் மனசாட்சி என்னைத் தொந்தரவு செய்யவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் அதற்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. விளக்கு எட்டில் வந்தது. அவள் நடக்க வேண்டியது பதினாறில். ஆறு வயதிலிருந்து தாளம் கற்றவள் எண்ண வேண்டாமா? பாலத்துக்கு நாலு சக்கரம் இருக்கிறது, மரத் தரையில் உருண்டால் கடகடவென்று கேட்கும். கேட்டதா என்று கவனிக்க வேண்டாமா? ஊருக்குப் போகும் பரபரப்பில் அவள் மனம் மேடையில் இல்லை. எண்ணிக்கையை விட்டுவிட்டாள். பாதித் தவறு அவளுடையதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டால்தான் அவளைப் புரட்டிப் படுக்க வைக்க முடிந்தது.

முந்தாநாள் கணேஷ் தானாகவே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தேன், உள்ளே போடுங்கள் என்று அழுதானாம். நீங்கள் அவனை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டை பாட்டில் இல்லாதது, அண்ணாச்சி தட்டச் சொன்னார் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு இப்போதும் என் மேல் சந்தேகம் இல்லை. நீங்கள் நேற்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. விளக்குக்கு ஒதுக்கிய கட்டை என்று தெரிந்தும் அதைத் தட்டச் சொன்னது ஏன்? நாளைக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு நல்ல பதில் தயார் செய்திருந்தேன். சேனல்கள் கலக்காது என்ற நம்பிக்கையில் தட்டச் சொன்னேன், என் கவனக்குறைவு, மன்னிக்கவும். மூன்று வரி. நீங்கள் நம்பியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் இன்று காலை நடந்ததை எழுதியாக வேண்டும். கிளம்பும் முன் வித்யாவை வலது பக்கமாகப் புரட்டி, முதுகுக்குத் தலையணை வைத்தேன். கணேஷ் போலீசுக்குப் போனதைச் சொன்னேன். "அப்பா போய், அது வெறும் சேனல் கோளாறுதான்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்மா. நீயும் அன்னைக்குக் கொஞ்சம் எண்ணிக்கைய விட்டுட்டே, அவன மட்டும் சொல்லி என்ன பண்றது," என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். குரலில் கோபம் இல்லை. எப்போதும் தெலுங்கில் பதில் சொல்பவள், இன்று தமிழில் சொன்னாள்.

"நான் எண்ணிக்கைய விடலப்பா. எட்டுதான்னு தெரியும், சக்கரச் சத்தமும் கேக்கல. லைட்டு நீங்க போட்டதாச்சேன்னுதான் கால வெச்சேன்."