கடைக்குப் போன அப்பா

ஆரையம்பதியில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னதைக் கேட்டு நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

“மூணு கிழமையா நான் பொய்யே சொல்லல்ல, மச்சாள்.”

“என்னகா பொய்?”

“அவர் மீனுக்குத் தோணி எடுத்தா சின்னவள் கத்திக் கத்திச் சத்தியெடுப்பாளே. அதால அப்பா கடைக்குப் போறார் எண்டு சொல்லுவன். கடைசில அவர் உண்மையாவே கடைக்குப் போனாலும் கத்தத் தொடங்கிட்டாள். சின்னவளைக் காட்டப் போன கிளினிக்கில மிஸ்தான் பொய்யை நிப்பாட்டச் சொன்னா.”

“பிறகு?”

“முதல்ல கரையில கட்டின தோணியைத் தொட்டுப் பாத்தாள். அடுத்த கிழமை அதுக்குள்ள ஏறி இருந்தாள். இந்தக் கிழமை அவர் போகக்குள்ள கரையில நிண்டு கை காட்டினாள்.”

“கத்தல்லையா?”

“கத்தினாள்தான். ‘பயமாத்தான் இருக்கும் மகள், நான் பக்கத்தில இருக்கன்’ எண்டு சொல்லி, ரெண்டு பேரும் மெல்ல மெல்ல மூச்சு விட்டம். அடங்கிட்டாள்.”

“அப்ப இனிப் பிரச்சினை இல்ல.”

பஸ் பாலத்தில் ஏறியது. கீழே வாவியில் தோணிகள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“நேத்து வாவியில பலத்த காத்து. அவர் வரச் சுணங்கிட்டு. சின்னவள் வந்து என்ட கையைப் பிடிச்சாள். ‘பயமாத்தான் இருக்கும் அம்மா, நான் பக்கத்தில இருக்கன்’ எண்டாள்.”