ஒத்துப் பாக்கற கெணறு

வேண்டாம்னா எப்புடீங்க அம்மிணி? ஊட்டுக்கு வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி. பேச்செல்லாம் அப்பறம். புடிங்க சொம்ப.

தாகமில்லீங்களா. இந்த வெயில்ல அத்தன தூரம் வந்திருக்கீங்க, தாகமில்ல. செரி. அந்த ஸ்டூல் மேல வெச்சுருங்க.

கொஞ்சம் மெதுவாப் பேசோணும். உள்ள கொழந்த தூங்குது. எம்பேத்தி தேஜஸ்ரீயோட புள்ள. போன தடவ நீங்க வந்தப்ப வயித்தோட நின்னுட்டு, இந்த பாட்டில் ஏன் காப்பிக் கலர்ல இருக்குதுன்னு கேட்டாளே, அவதான்.

அன்னைக்கு ரெண்டு சொம்பு குடிச்சீங்க. எளநியாட்ட இருக்குதுங்கய்யான்னு வேற சொன்னீங்க. நெனப்பிருக்குதுங்களா?

சந்தேகமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கண்ணுல பட்டதச் சொல்றேன்.

டெஸ்ட் பண்றதுக்குன்னு திருப்பூரச் சுத்தி அத்தன கெணத்துலயும் தண்ணி மோந்தெடுத்தீங்க. அதையெல்லாம் ஒத்துப் பாக்க சாயத்தண்ணி அண்டாத கெணறு ஒண்ணு வேணும்னு ஊத்துக்குளி தாண்டி வந்தீங்க. ஈஸ்வரமூர்த்தி தோட்டத்துக்குப் போங்கன்னு எவனோ கையக் காட்டியுட்டான். எனக்கும் பெருமைதான். தாராளமா எடுத்துக்கங்கன்னேன். எடுத்துட்டுப் போனீங்க. மறுபடி எதுக்கு வந்திருக்கீங்க?

ரொட்டீனா. ம்.

அன்னைக்கு ஒத்த பாட்டில். இன்னைக்குப் பொட்டி நெறைய பாட்டில். உங்க ஆபீசர் வண்டிய உட்டு எறங்காம போன்லயே பேசிட்டிருக்கறார். எருமைக்கு எந்தத் தண்ணி காட்டறீங்கன்னு, வந்ததும் வராததுமா கேக்கறீங்க. இதுக்குப் பேரு ரொட்டீனுங்களா?

அதா, மேக்க ஒரு கம்பிவேலி தெரியுதுங்களா? போன வருசம் கை மாறுச்சு. வாங்குனவன் மூஞ்சிய ஆரும் பாக்கல. போர் போட்டான். ஒரு செடி வெக்கல. மோட்டார் ஓடுன சத்தமும் இல்ல. டேங்கர் லாரி மட்டும் நெறஞ்சு வருது, காலியாப் போகுது. கோழிப்பண்ண கட்டறானாக்கும்னு உட்டுட்டேன். அந்தப் போருக்குள்ள என்னத்த எறக்குனானோ, இப்பத்தான் தோணுது.

அத அப்பறம் எழுதுங்க. பேனாவ வையுங்க.

தண்ணி நெறம் மாறல. நாத்தமில்ல. ருசியும் அதேதான். காத்தால கூடக் குடிச்சேன். உங்க மிஷினு என்ன கண்டுச்சு, அதச் சொல்லுங்க. மாஸ் ஸ்பெக்குன்னு நீங்கதான சொன்னீங்க. கண்ணுக்குத் தெரியாம கெடக்கறத ஒவ்வொண்ணா எட போட்டு இது இன்னதுன்னு சொல்லிப்போடும், ஒரு குட்டைக்கு ஒரு சொட்டுக் கலந்திருந்தாலும் உடாதுன்னு.

ரிப்போர்ட்டு மேல இருந்து வரோணுமா. வரட்டும். நான் ரிப்போர்ட்டக் கேக்கல.

தேஜஸ்ரீக்குப் புருசனூடு நல்லூருல. அங்க கேன் தண்ணிதான். பச்ச ஒடம்புக்காரிக்கு அந்தத் தண்ணி ஆகாதுன்னு ஆஸ்பத்திரியில இருந்தே இங்க கூட்டியாந்துட்டோம். மாப்ள தரணி கூட அங்கயே கூட்டிட்டுப் போறேன்னு இழுத்துப் பாத்தார். எங்க கெணத்துத் தண்ணி உங்கூருல கெடைக்குமான்னு கேட்டேன். அனுப்பி வெச்சுட்டார்.

அவளுக்குப் பால் பத்தல. கொழந்தைக்கு மாவுப்பால்தான். பொறந்ததுலருந்து இந்தத் தண்ணியில கலக்கித்தான் குடுக்கறோம்.

ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்க. காய்ச்சித்தான் குடுக்கறோம். பச்சத்தண்ணியக் குடுக்க நாங்க என்ன வெவரங்கெட்டவங்களா?

உக்காருங்கன்னேன்.

இன்னொண்ணும் சொன்னீங்க அன்னைக்கு. தண்ணிய அப்புடியே உட்டா மிஷினுக்கே தெரியாது, சுண்ட வெச்சு சொட்டாக்கித்தான் உடுவோம்னு. தண்ணிதான் ஆவியாப் போகும், உள்ள கெடக்கறது போகாது, கெட்டியாகி நிக்கும்னீங்க. எனக்கு அப்ப அது மண்டையில ஏறல. நீங்க இந்தச் சொம்பத் தொடாம உக்காந்திருக்கறதப் பாத்ததும் ஏறுச்சு.

அடுப்படியில சத்தம் கேக்குதுங்களா? எம்மருமக கோமளா, தேஜஸ்ரீயப் பெத்தவ. கொழந்தைக்குத் தண்ணி காய்ச்சறா. எங்க ஊட்டு மொற அது. ஒரு குண்டா வெச்சா அரக் குண்டா ஆகற வரைக்கும் எறக்கக் கூடாது. இவளுக்குக் கொழந்த மேல உசுரு. கால் குண்டா வரைக்கும் சுண்ட உடறா.

எந்திரிச்சுட்டுது பாருங்க. பசி அழுக. இப்ப வந்து ஆத்திக் கலக்கிருவா.

சொம்பு அங்கயேதான் இருக்குது கண்ணு. ஒரே ஒரு மொடக்கு குடி. குடிச்சீன்னா அவ கலக்கட்டும். நான் வாயத் தொறக்கல.

ம்.

கோமளா. அந்தக் குண்டாவக் கீழ கொட்டு.