அணில் கடிச்ச வயர்

இல்லைத் தம்பி, ஏணியை அந்த முருங்கையிலை சாத்தாதேங்கோ, முறிஞ்சுபோடும். இஞ்சாலை, குசினிச் சுவரோடை வையுங்கோ. அணில்தான், வேறை ஒண்டுமில்லை. இந்த வளவிலை அணிலுக்குக் குறைவில்லை. மேலை ஏறி அன்ரனாவை வடிவாப் பாருங்கோ. என்ரை மனிசன் நிண்டால் ஏணியைப் பிடிச்சிருப்பார். ரீவி திருத்த ஆள் வருது எண்டவுடனை, சன்னதிக் கோயிலுக்குப் போட்டுவாறன் எண்டு சைக்கிளை எடுத்திட்டார்.

ரீவி எப்ப நிண்டதோ? செவ்வாக்கிழமை. என்ன நிகழ்ச்சி போகேக்கை எண்டால், அதை ஒரு சொல்லிலை சொல்லேலாது. எங்கடை வீட்டிலை ரீவி படம் பாக்கிற சாமான் இல்லைக் கண்டியளே. அதுதான் எங்கள் ரண்டு பேருக்கும் நடுவிலை கதை கொண்டு திரியிற ஆள். நானும் இவர் இராசநாயகமும் பங்குனியிலையிருந்து கதைக்கிறேல்லை.

சிரியாதேங்கோ, விழுந்திடுவியள்.

ஏனெண்டு கேளுங்கோவன். இவர் கந்தோரிலை கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்தவர். கரவெட்டியிலை ஆர் செத்தாலும் மரண அறிவித்தல் எழுதுறது இவர்தான். இன்னாரின்ரை மகனும், இன்னாரின்ரை மருமகனும் எண்டு ஒரு சொந்தமும் விடாமல் கோத்துத் தருவார். அதிலை பெரிய தடிப்பும் பெருமையும். பங்குனியிலை கொடிகாமத்திலை என்ரை பெரியண்ணை மோசம் போனார். இவர்தான் எழுதினார். அரசாங்க ரீவியிலை சொல்லப்போகினம் எண்டு செத்தவீட்டிலை எல்லாரும் அழுகையை நிப்பாட்டிப்போட்டு முன்னாலை குந்தியிருக்கிறம். ரீவியிலை அறிவித்தல் வாசிக்கிற பிள்ளை வடிவா நிறுத்தி வாசிக்குது, காலஞ்சென்றவர்களான தங்கம்மா, நடராசா, பாலேஸ்வரி ஆகியோரின் அன்புச் சகோதரனும் எண்டு.

ஓம், பாலேஸ்வரி நான்தான்.

செத்த அக்காவையும் சின்னண்ணையையும் எழுதின கையோடை என்னையும் அதுக்குள்ளை போட்டிட்டார் மனிசன். செத்தவீடு முழுக்கத் திரும்பி என்னைப் பாக்குது. நான் தேத்தண்ணிக் கோப்பையோடை இருக்கிறன். எங்கடை மகள் பிரசாந்தி கனடாவிலையிருந்து போன் எடுத்து, ஐயோ அம்மா எண்டு குழறுறாள், போனை எடுத்து என்ன பிள்ளை எண்டு கேட்டது நான். அடுத்த நாள் பக்கத்து வீட்டு உதயகலா படலையடியிலையே ஒப்பாரி வைச்சுக்கொண்டு வாறா, நான் விளக்குமாத்தோடை முத்தம் கூட்டிக்கொண்டு நிக்கிறன்.

இவர் பிழை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அதோடை போயிருக்கும். நான் எழுதினது சரி, வாசிச்ச பிள்ளைதான் பிழை எண்டு ஒற்றைக்காலிலை நிண்டார். நானும் சொன்னன், சரி, செத்த ஆக்கள் கதைக்கிறேல்லை எண்டு. அண்டைக்கு மூடின வாய்தான்.

மேலை ஒண்டுமில்லையோ? அந்தப் பக்கமும் ஒருக்காப் பாருங்கோ.

செவ்வாக்கிழமை காலமை தேவாரம் போகுது. இவர் ரீவியைக் கும்பிட்டு, எம்பெருமானே, இந்த வீட்டிலை தேத்தண்ணி எண்டு ஒண்டு கிடைக்குமோ எண்டு கேட்டார். நான் ஊத்திக் கொண்டுவந்து ரீவிக்கு முன்னாலை வைச்சன். பிறகு ஒரு டொக்டர் வந்து சலரோகத்தைப் பற்றிக் கதைச்சார். நான் சத்தத்தைக் கூட்டிவிட்டு, டொக்டர், இஞ்சை ஒராள் சீனிப் போத்தலைக் கட்டிலுக்குக் கீழை ஒளிச்சு வைச்சிருக்கிறார், விளங்கச் சொல்லுங்கோ எண்டன். சமையல் நிகழ்ச்சியிலை ஒரு பிள்ளை என்னவோ கிண்டுது. இவர் அதைப் பாத்து, தங்கச்சி, உனக்காவது உப்புப் போடத் தெரியுது எண்டார். மத்தியானம் உப்புச் சாடியைத் தூக்கி அவரின்ரை சோத்துக் கோப்பைக்குப் பக்கத்திலை வைச்சன்.

பிறகு பாராளுமன்றம். அது எங்களுக்கு நல்ல வசதி. அங்கையும் ஆரும் ஆரோடையும் நேரை கதைக்கிறேல்லை, எல்லாம் சபாநாயகருக்குத்தான். நான் எழும்பி நிண்டு, கௌரவ சபாநாயகர் அவர்களே, கிணத்தடி மோட்டரை நிப்பாட்டாமல் வந்து குந்தியிருக்கிற உறுப்பினர் ஆர் எண்டு கேட்டன். இவர் கதிரையிலை இருந்தபடி, அந்தக் குற்றச்சாட்டை முற்றாக மறுக்கிறன் எண்டார். கொஞ்ச நேரத்தாலை மெல்ல எழும்பிப் போய் நிப்பாட்டிப்போட்டு வந்தார்.

பொழுதுபட மரண அறிவித்தல். அதுக்கு நான் சத்தத்தை முழுக்கக் கூட்டிவிடுறது. அந்தப் பிள்ளை காலஞ்சென்ற எண்டு சொல்லுற நேரமெல்லாம், இருக்கிறன் எண்டு கையைத் தூக்கிக் காட்டுவன். மனிசன்ரை முகம் சுருங்கிப்போகும். அண்டைக்கு அது துவங்க முதலே மழை இருட்டிக்கொண்டு வந்திட்டுது. நான் உடுப்பெடுக்க ஓடினன். திரும்பி வாறன், ரீவியிலை ஒண்டுமில்லை, இரைச்சல் மட்டும். இவர் யன்னலடியிலை வெத்திலைத் தட்டத்தை மடியிலை வைச்சு, பாக்குச் சீவிக்கொண்டிருக்கிறார். அணில் போலை கிடக்கு எண்டு அந்த இரைச்சலைப் பாத்துச் சொன்னார்.

நான் இரைச்சலை நிப்பாட்டினன். இவர் இருமினார். நான் உடுப்பு மடிச்சன். கனநேரத்தாலை, இஞ்சரும் எண்டார். ரீவியைப் பாத்தில்லைத் தம்பி, என்னைப் பாத்து. பங்குனிக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேக்க எனக்குக் கண் நிறைஞ்சுபோச்சு. இஞ்சரும், மழை விட்டிட்டுதோ எண்டார். ஓம் எண்டன். அவ்வளவுதான். அடுத்த நாள் சுண்ணாம்பு எங்கை எண்டு கேட்டார். பிறகொரு நாள் கறி நல்லாயிருக்கு எண்டார், அண்டைக்கு நான் உண்மையாவே உப்புப் போட மறந்துபோனன். நேற்றுப் பின்னேரம், பெரியண்ணையின்ரை அந்த அறிவித்தலிலை எண்டு துவங்கி, இருமிப்போட்டு விட்டிட்டார். இன்னும் கொஞ்சம்தான். பிழை எண்ட சொல்லு மனிசன்ரை தொண்டைக்குழிக்குள்ளை வந்து நிக்குது. எனக்கு உள்ளுக்குச் சந்தோசம், வெளியிலை காட்டேல்லை.

இறங்கியிட்டியளோ? ஓம், வயர் அந்த யன்னலடியாலைதான் உள்ளுக்கு வருது. அணில் கடிச்சமாதிரி இல்லையோ? கத்தியாலை வெட்டினமாதிரிக் கிடக்கோ?

கத்தியில்லைத் தம்பி, பாக்குவெட்டி. எனக்குத் தெரியும். அண்டைக்கே அதின்ரை வாயிலை செப்புக்கம்பித் துண்டொண்டு மினுங்கிக்கொண்டு கிடந்தது. நான்தான் எடுத்தெறிஞ்சுபோட்டு, துடைச்சுத் திரும்பத் தட்டத்திலை வைச்சன்.

பிறகேன் உங்களைக் கூப்பிட்டனெண்டோ? கூப்பிடாட்டில் எனக்குத் தெரியும் எண்டு அவருக்கு விளங்கியிடுமே. பாவம், வெக்கப்பட்டுத் திரும்பவும் வாயை மூடியிடுவார். அதைப் பொருத்தாதேங்கோ, அப்பிடியே விடுங்கோ. கொழும்பாலை ஏதோ ஒரு சாமான் வரவேணும், சன்னதித் திருவிழா முடியத்தான் வரும் எண்டு சொல்லுங்கோ. அந்தா படலை திறபடுது, அவர்தான். கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோ தம்பி, அணில்தான் கடிச்சிருக்கு எண்டு.