ரசியா பேகத்துக்கு இன்னும் குணமாகவில்லை

ஐயா,

இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. எழுத உட்கார்ந்தால் ஆடிக்கொண்டே இருந்தது. சிகரெட் அட்டை ஒன்றை நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். எடுத்துவிடாதீர்கள், உங்களுக்கும் உபயோகப்படும். நான் சொல்லச் சொல்ல ஏட்டையா எழுதிக்கொள்வார் என்றீர்கள். அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம். எழுதுவதுதான் என் தொழில்.

என் பெயர் துரைராசு. வயது ஐம்பத்தாறு. மன்னார்குடியில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். மற்றப் பாடம் எப்படியோ, கடிதம் வரைதலில் எனக்கு ஒரு மதிப்பெண் குறைந்தது கிடையாது. இருபது வருடமாக ஊருக்குத் தெற்கே வாய்க்கால் கரையில் உள்ள மனநல இல்லத்தில் எழுத்தர் வேலை. அது பழைய ரைஸ் மில். நெல் ஊறிய தொட்டிகளுக்கு மேலே பலகை அடித்துக் கட்டில் போட்டிருக்கிறோம். நெல் காய்ந்த களத்தில் நோயாளிகள் நடப்பார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நடப்பார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கும் கால் ஒரு இடத்தில் நிற்காது.

இல்லத்தை நடத்துகிறவர் சென்னையில் இருக்கிறார். டாக்டர் சனிக்கிழமை மட்டும் வருவார். வருடத்துக்கு ஒருவர் என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். மாறாமல் இருந்தது நான்தான். மருந்து அலமாரிச் சாவியும் தபால் பையும் என்னிடம் இருக்கும்.

எங்கள் நோயாளிகளின் வீட்டு ஆண்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். அவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி நான் எழுதுவேன். இன்னார் இப்படி இருக்கிறார், இவ்வளவு சாப்பிடுகிறார், இப்படித் தூங்குகிறார் என்று. இருபதாம் தேதிக்கு மேல் பதில் வரும். கார்பன் வைத்து எழுதியதால் நகல் எல்லாம் இருக்கிறது. நேற்று உங்கள் ஆட்கள் மூட்டையாகக் கட்டி எடுத்து வந்தார்கள். தேதி கலையாமல் வைக்கச் சொல்லுங்கள்.

முருகையன் என்று ஒரு நோயாளி. அவர் அண்ணன் மஸ்கட்டில் கொத்தனார். மாதம் இரண்டு பக்கம் எனக்கு எழுதுவார். அங்கே அடிக்கிற வெயில், சூப்பர்வைசரின் ஏச்சு, வெள்ளிக்கிழமை பொரிக்கிற மீன், எல்லாம் வரும். எண்பத்தொன்பதில் முருகையனுக்குக் குணமாயிற்று. ‘பூரண குணம், வந்து அழைத்துச் செல்லவும்’ என்று எழுதினேன். வந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டார், அழைத்துப் போனார். அதன் பிறகு எழுதவில்லை.

எழுத வேண்டிய அவசியம் இல்லைதான். ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தபால்காரர் சைக்கிள் மதகைத் தாண்டுகிற சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போவேன், வருவேன். சாப்பாட்டில் கை வைத்தவன் பாதியில் எழுந்து போயிருக்கிறேன். இரண்டு மாதம் அப்படிக் கழிந்தது. வீட்டில் மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள், முருகையனுக்கு நோய் திரும்பியிருக்கும், திரும்பக் கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன். கொண்டுவரவில்லை. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாராம். இருக்கட்டும். எல்லாரும் முருகையன் ஆகிவிட முடியாது. அவசரப்பட்டு அனுப்பி, வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால் யார் பொறுப்பு? இனிமேல் யோசித்துத்தான் எழுத வேண்டும் என்று தீர்மானித்தேன்.

ரசியா பேகம் தொண்ணூற்றொன்று மார்ச்சில் வந்தார். பிரசவமாகி நாற்பது நாள். தூக்கமில்லை, ஓயாத பேச்சு. புருஷன் தலாக் சொல்லிவிட்டான். தம்பி ஜாஃபர் சாதிக்தான் கொண்டுவந்து சேர்த்தார். கைக்குழந்தை ஷிஃபாவைத் தன் மனைவியிடம் விட்டுவிட்டுச் சவூதியில் தம்மாமுக்கு விமானம் ஏறினார். போகும்போது என்னிடம், “லாத்தாவுக்கு நல்லாயிடுச்சுன்னு ஒரு வரி எழுதுங்கண்ணே, போதும். வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துருவேன்” என்றார்.

அந்த ஒரு வரியைத்தான் நான் எழுதவில்லை.

ஆறாவது மாதம் டாக்டர், ‘நலம், உறவினருக்குத் தெரிவிக்கவும்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். நான் தம்மாமுக்கு, ‘இன்னும் குணமாகவில்லை’ என்று எழுதினேன். டாக்டரிடம், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். அப்படிப்பட்ட வீடுகள் உண்டு என்பதால் அடுத்தடுத்து வந்த டாக்டர்களும் பெருமூச்சோடு நிறுத்திக்கொண்டார்கள். ரசியா பேகத்திடம், தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். அவர் தானே தம்பிக்கு எழுதி என்னிடம் கொடுத்த கடிதங்கள் மொத்தம் அறுபத்திரண்டு. ஒன்றையும் நான் கிழிக்கவில்லை. தபாலில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

பணத்துக்காகவா என்று கேட்டீர்கள். ஜாஃபர் சாதிக் ஒரு முறை ஆள் மூலம் கைக்கடிகாரம் அனுப்பினார். அந்த ஆளிடமே திருப்பிவிட்டேன். அவர் எழுதுவார், அது போதும். ‘அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு’ என்று தொடங்குவார். வீட்டுக்கு என்ன வர்ணம் அடிக்கலாம், மனைவிக்கும் மாமியாருக்கும் ஒத்துப்போகவில்லை, என்ன செய்யலாம் என்றெல்லாம் கேட்பார். ஷிஃபாவை நான் சொன்ன பள்ளிக்கூடத்தில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார். அந்தப் பதிலை நான் எழுதிக்கொண்டிருந்தபோது ரசியா பேகம் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். அதற்குள் இல்லத்துச் சமையல் முழுக்க அவர் பொறுப்பில் வந்திருந்தது. நாற்பது பேருக்கு உலை வைப்பார், குழம்பில் உப்பு கூடினதில்லை.

குணமாகவில்லை என்று மட்டும் மாதாமாதம் எழுதினால் படிக்கிறவருக்குச் சலிக்கும். அதனால் ஒரு மாதம் எழுதிய நோய்க்குறியை மறுமாதம் எழுதமாட்டேன். குதிருக்குள் பிள்ளை அழுகிறது என்று உச்சிவெயிலில் நெல்லை வாரி இறைத்தார் என்று ஒரு மாதம். கண்ணாடியில் தெரிவது தன் தங்கை என்று அதற்குச் சோறு ஊட்டினார் என்று ஒரு மாதம். பிள்ளையை வாய்க்கால் தண்ணீரில் முகம் குப்புற அமுக்கிவிட்டதாகத் தானே சொல்கிறார், நோய் கண்ட நாட்களில் வீட்டில் அப்படி முயன்றிருக்கலாம் என்று ஒரு மாதம். ஜாஃபர் சாதிக் விடுமுறையில் வந்த இரண்டு தடவையும், நெருங்கியவர்களைக் கண்டால் கிளர்ச்சி அதிகமாகிறது, பார்க்க வேண்டாம் என்று எழுதினேன். முன்ஜாக்கிரதையாக இன்னொன்றும் எழுதி வைத்தேன்: ‘சில நாட்கள் மிகவும் தெளிவாகப் பேசுவார். அந்த நாட்களில்தான் கவனமாக இருக்க வேண்டும்.’

இந்த வருடம் மார்ச்சில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். டைரக்டர் பெயர் தமிழரசன், சின்ன வயது. மனநல விடுதி ஒன்று, அதில் நான்கு நோயாளிகள், ஆளுக்கொரு பயங்கரக் கதை, நான்கும் சேர்ந்து ஒரே படம். எங்கள் புகைபோக்கியைப் பார்த்ததும் இடம் பிடித்துவிட்டது. கதைதான் சரியாக அமையவில்லை என்றார். நான் கார்பன் நகல்களைக் கொடுத்தேன். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடிக்காமல், மாலைவரை படித்தார்.

“அண்ணே, இதெல்லாம் நெஜமா?”

“கடிதத்துல பொய் எழுதுவாங்களா?” என்றேன்.

“நாலு பேருக்குச் சம்பளம் குடுத்து மெட்ராஸ்ல உட்கார வச்சிருக்கேன். ஒருத்தனுக்கும் இப்படி வரலையே.”

அன்று எனக்கு நிலைகொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு தடவை களத்தைச் சுற்றி நடந்தேன்.

ரசியா பேகத்தின் கதைதான் படத்தில் கடைசி. அதில் நடிக்க வந்த பெண் ஷோபனா. களத்தில் தலையை விரித்துப் போட்டுக் கண்ணை உருட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. சமையற்கட்டு வாசலில் நின்ற ரசியா பேகம் சிரித்துவிட்டார்.

“பைத்தியம்னா இப்படி முழிக்காதும்மா. அதுக்கு முழிக்க ஏது நேரம்? ரொம்ப வேலையா இருக்கும். எனக்கு வந்திருந்தப்ப மூணு நாளு ஒரே முறத்து அரிசியைப் பொறுக்கிக்கிட்டே இருந்தேன், கல்லே இல்ல அதுல.”

“உங்களுக்கா? நீங்க இங்க சமையல் வேலைக்கு வந்தவங்க இல்லையா?”

“நல்லா இருக்கே. கேஸ் நம்பர் பதினேழும்மா நானு. இங்கே எனக்குத்தான் சீனியாரிட்டி.”

அன்றிலிருந்து இருவரும் ஒரே பேச்சு. வசனத் தாளில் பெயர்களை டைரக்டர் இன்னும் மாற்றியிருக்கவில்லை. மூன்றாம் நாள் ஷோபனா அதை உரக்கப் படித்தபோது ரசியா பேகம் கேட்டுவிட்டார். கையில் கரண்டியோடு என் அறைக்கு வந்தார்.

“அண்ணே, நான் எப்பண்ணே பிள்ளையைத் தண்ணியில அமுக்கினேன்?”

“சினிமாக்காரங்க கட்டினது.”

“எம்பிள்ளை பேரு அவங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

“உலை பொங்குது, போய்ப் பாரு ரசியா.”

அவர் போகவில்லை. என் மேசையில் இருந்த, தம்பியின் முகவரியும் போன் நம்பரும் எழுதிய ஏர்மெயில் உறைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் போனார்.

மறுநாள் ஷோபனா அவரைப் படப்பிடிப்பு வேனில் ஏற்றி, கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குக் கொண்டுபோய்த் தம்மாமுக்குப் போன் போட்டது. எட்டு வருடத்துக்குப் பிறகு அக்காளும் தம்பியும் பேசினார்கள். திரும்பி வந்த ஷோபனா என் முன்னால் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் வாங்கிப் பேசினேன் சார். உங்க அக்கா நல்லா இருக்காங்கன்னு சொன்னேன். அதுக்கு அந்த ஆளு, ‘நல்லா பேசுதா? ஐயோ, உடனே துரைராசு அண்ணன்கிட்ட சொல்லுங்க, அப்பதான் ஆபத்துன்னு எழுதியிருக்காரு’ங்கிறாரு. என்ன சார் எழுதினீங்க?”

நோய் முற்றியிருந்தபோது எழுதியது, இனித் திருத்தி எழுதி அழைத்துப்போகச் சொல்கிறேன் என்று ஷோபனாவையும் ரசியா பேகத்தையும் சமாதானப்படுத்தினேன். நான் எழுதியது பலித்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை. கவலைதான். ஏனென்றால் அக்காளின் குரலைக் கேட்டவர் சும்மா இருக்கமாட்டார். நினைத்தபடியே கடிதம் வந்தது. மே பதினான்காம் தேதி, ஜும்மாவுக்கு முன்னால் ஷிஃபாவுடன் வருகிறேன், தூரத்திலிருந்தாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்று. அதற்குள் படப்பிடிப்பு முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். ரசியா பேகத்திடம் நான் சொல்லவில்லை.

அன்று காலை அடங்காதவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரைகளைப் பொடித்து அவருடைய டீயில் கலந்தேன்.

“டீ கசக்குதுண்ணே.”

“புதுத் தூள்.”

குடித்தார். பதினொரு மணிக்குக் கார் வந்தபோது அவரைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். தலை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. நாக்கு உள்ளே நிற்கவில்லை, எச்சில் மார்பில் வடிந்தது. ஷிஃபாவுக்கு எட்டு வயது, பச்சைப் பாவாடை. பிள்ளையைப் பார்த்ததும் ரசியா பேகத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. என்னவோ சொல்ல முயன்றார். கை நடுங்க நடுங்க நீண்டது. பிள்ளை வீறிட்டுக்கொண்டு காருக்கு ஓடியது. ஜாஃபர் சாதிக் என் தோளில் முகம் புதைத்து அழுதார். “நீங்க எழுதினது குறைச்சல்தாண்ணே. எங்க மனசு நோகக் கூடாதுன்னு குறைச்சு எழுதியிருக்கீங்க” என்றார்.

மருந்தின் வேகம் இறங்கினால் அவர் மறுபடி பேசுவார். அவர் பேசினால் தம்பி கண்ணால் பார்த்ததும் என் கடிதமும் பொய்யாகிவிடும். ஆகவே மறுநாளும் கொடுத்தேன். அதற்கு மறுநாளும். சனிக்கிழமை டாக்டரிடம், பழைய நோய் திரும்பிவிட்டது என்றேன். ஜூன் கடைசிக்குள் அவருக்குச் சமையற்கட்டு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தன் கையைத் தூக்கி, இது யாருடையது என்பது போல் பார்த்துக்கொண்டிருப்பார். களத்தில் மற்றவர்களோடு நடக்க ஆரம்பித்தார். பிடித்து நிறுத்தினாலும் கால் நிற்காது. ஜூலை ஐந்தாம் தேதிக் கடிதத்தில் இதையெல்லாம் உள்ளபடி எழுதினேன். எட்டு வருடத்தில் ஒரு பொய்கூட இல்லாத முதல் கடிதம். மனசு நிறைந்து கையெழுத்துப் போட்டேன்.

போன வாரம் ஷோபனா, படம் வெளியாகப் போகிறது என்று சொல்ல, ரசியா பேகத்துக்கு ஒரு புடவை வாங்கிக்கொண்டு வந்தது. களத்தில் அவரைப் பார்த்தது. புடவையை அங்கேயே போட்டுவிட்டு உங்களிடம் வந்துவிட்டது. அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மாத்திரை கலந்தது நான். கடிதங்களை எழுதியது நான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேச்சு திரும்புமா என்று தெரியாது என்கிறார்களாம். இத்தனை வருடம் அவரைப் பார்த்துக்கொண்டவன் நான், எனக்கும் வருத்தம்தான்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் ஒருவரைப் பற்றித்தான் கேட்டீர்கள். இல்லத்தில் அமிர்தம், ஜெக்கரியா, தங்கமணி என்று மூன்று பேர் இருக்கிறார்கள். அமிர்தத்துக்குக் குணமாகி ஆறு வருடம், ஜெக்கரியாவுக்கு நான்கு, தங்கமணிக்கு இரண்டு. அவர்கள் வீட்டுக்கு அதை எழுதிவிட வேண்டாம். அந்த வீட்டார் தாங்கமாட்டார்கள். நாளை ஐந்தாம் தேதி. மூன்று ஏர்லெட்டர் வாங்கித் தரச் சொன்னால் இங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுவேன். இருபதுக்கு மேல் சிங்கப்பூரிலிருந்தும் குவைத்திலிருந்தும் பதில் வரும். அவற்றை மட்டும் பிரிக்காதீர்கள், ஐயா. அவை எனக்கு எழுதியவை.