பச்சைக் கட்டம்

நான் லிஃப்டில் ஏறுகிறவன் இல்லை, மேடம். முட்டிக்கு நல்லது என்று அக்கா சொன்ன நாளிலிருந்து படிதான். இன்று உங்கள் விசாரணை அறைக்கும் படியேறித்தான் வந்தேன்.

மருத்துவமனையில் என்னை ஸ்கோர் சார் என்பார்கள். மூன்றாம் மாடியில் என் மேஜை. என் திரையில் நோயாளிக்கு ஒரு கட்டம். நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் என்று நர்சுகள் பார்த்துப் பதிவார்கள். என் புரோகிராம் கூட்டிக் கழித்து ஸ்கோர் போட்டு, அதற்கேற்ற நிறம் கொடுக்கும். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஓடு. முதல் வருடத்திலேயே இருபது பேருக்கு மேல் அந்தச் சிவப்பால் பிழைத்தார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. இன்றைக்கும் உண்டு.

யாரும் பார்க்காத நோயாளியின் கட்டம் சாம்பல் நிறமாகும். ஐந்தாம் மாடி வார்டில் ஆள் பற்றாக்குறை, பாதிக்குப் பாதி சாம்பல். பெரிய டாக்டருக்கு அது கண்ணை உறுத்தியது.

"என்னய்யா இது, வெள்ளையடிக்காத சுவர் மாதிரி? பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

நான் ஒரே ஒரு வரி சேர்த்தேன். பதிவு காலியாக இருந்தால் நார்மல் என்று நிரப்பிக்கொள். அவ்வளவுதான். மறுநாள் வார்டு முழுக்கப் பச்சை.

பச்சை அதிகமுள்ள வார்டுக்கு ஆள் குறைவாகப் போதும் என்று புரோகிராமே பரிந்துரை கொடுத்தது. ஐந்தாம் மாடியிலிருந்து இரண்டு நர்சுகளை எடுத்தார்கள். ஆள் குறையப் பதிவும் குறைந்தது. பதிவு குறையப் பச்சை கூடியது.

மூன்றாம் மாதம் ஐந்தாம் மாடி ஹெட் நர்ஸ் இடுப்பில் கை வைத்து என் முன்னால் வந்து நின்றார்.

"நாங்க கிட்டயே போகாத பேஷன்ட்டுக்கு எப்படி சார் பச்சை வருது? ஜோசியம் பாக்குறீங்களா?"

"என்னன்னு பாக்குறேன் சிஸ்டர்" என்றேன். பார்க்கவும் செய்தேன். பச்சையில் இருக்கும்போதே ஏழு பேர் இறந்திருந்தார்கள். அந்தப் பட்டியலை அச்செடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். என் திட்டத்தை மற்ற மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோகப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அந்த வரியை எடுத்தால் சாம்பல் திரும்ப வரும், ஏன் என்று கேட்பார்கள். நல்லது செய்கிற ஒன்றைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். ஹெட் நர்சிடம் சரி பண்ணிவிட்டதாகச் சொன்னேன்.

அக்கா பித்தப்பை ஆபரேஷனுக்குச் சேர்ந்தது அப்போதுதான். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள். "என் தம்பி பொட்டி தட்டியே இந்த ஆஸ்பத்திரிய நடத்துறான்" என்று பக்கத்துப் படுக்கைக்காரியிடம் பீற்றிக்கொண்டாள். அவளுக்குப் படுக்கை ஐந்தாம் மாடியில் கிடைத்தது. வேறு வார்டு கேட்டிருக்கலாம். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், மதியம் மூன்று மணிக்கு போன் செய்தாள்.

"டேய், நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்குடா. மூச்சு வாங்குது. பெல் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேன், யாரையும் காணோம்."

திரையில் அவள் கட்டம் பச்சை.

"எல்லாம் நார்மலாத்தான்க்கா காட்டுது. மயக்க மருந்து வேலையா இருக்கும். கொஞ்ச நேரம் கண்ண மூடு."

"அப்படியா? நீ சொன்னா சரிதாண்டா. சாப்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். பொய்யில்லை, சாப்பிட்டிருந்தேன்.

நான்கு மணிக்கு ஹெட் நர்ஸ் போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கட்டம் அப்போதும் பச்சை.

காலியான பதிவுக்குப் பச்சை எப்படி வந்தது என்று கேள்வி வருமே. அதனால் அன்று மாலையே, பணியில் இருந்த நர்சின் பெயரில் புரோகிராமுக்குள் நுழைந்து, இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அக்காவைப் பார்த்ததாகப் பதிந்தேன். செத்துப்போனவளுக்கு உட்கார்ந்து மூச்சு எண்ணி எழுதினேன். நிமிடத்துக்குப் பதினாறு. அந்த நேரத்தில் அவள் அக்கா பக்கமே போகவில்லை என்று தெரிந்ததும், பொய்ப் பதிவு போட்டதாக அந்தப் பெண்ணை வேலையை விட்டு நீக்கினார்கள். மூன்று பேர் வேலையை ஒருத்தியாக இழுத்துக்கொண்டிருந்தவள். அழுதுகொண்டே படியிறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

பச்சை பொய் என்று தெரிந்தும், அக்கா போன் செய்தபோது ஏன் ஐந்தாம் மாடிக்குப் போகவில்லை என்று போன விசாரணையில் கேட்டீர்கள். தலைக்கு மேல் வேலை என்று அன்று சொன்னேன். வேலை ஒன்றுமில்லை. எழுந்து படிக்கட்டு வரை போனேன். பச்சையாக இருக்கிறவரைப் பார்க்க ஏன் சார் இப்படி ஓடி வருகிறீர்கள் என்று ஹெட் நர்ஸ் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். மொத்தம் நாற்பத்து நான்கு படி, மேடம். என் அக்கா. பிறகு எத்தனையோ தடவை ஏறி எண்ணிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவில்லை. இறப்புப் படிவத்தில், கடைசி நேரத்தில் உடனிருந்தவர் என்று ஓர் இடம் உண்டு. தம்பி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை அடித்துவிடுங்கள். அந்த இடம் காலி.