நனையாத பை

இறாலை வால் பக்கத்திலிருந்து கோத்தால்தான், ஐயா, வீசும்போது முள்ளை விட்டுக் கழன்று போகாது. இதை எனக்குக் கற்றுத் தந்தவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த அலைதடுப்புக் கற்களில் நாங்கள் இரண்டு பேரும் தூண்டில் போட்டு வந்தோம்.

கல்லில் நிற்பவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. மீனைக் கழற்றக் குனிகிறவர் கடலுக்கு முதுகு காட்ட வேண்டிவரும். அப்போது மற்றவர் தன் தூண்டிலை விட்டுவிட்டுக் கடலைப் பார்க்க வேண்டும். பெரிய அலை எழுந்தால் "ஏறு" என்று கத்த வேண்டும். மீன் எப்போதும் அவருக்குத்தான் விழுந்தது. அதனால் கடலைப் பார்த்தது எப்போதும் நான்தான்.

போன மாதம் ஒருமுறை கத்தினேன். அவர் பதறியடித்து மேலே ஏறினார், கையிலிருந்த மீன் நழுவிப் போயிற்று. வந்த அலை கணுக்காலைத்தான் நனைத்தது. மதியம் சாப்பாட்டு மேசையில் அதை எழுந்து நின்று நடித்தே காட்டினார். என் மனைவி புரையேறும்வரை சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் சுனாமி. "சுனாமி அப்பா, உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்கிறாள் மகள். கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபப்படவும் தெம்பு வேண்டும். எனக்கு அலுத்துப் போயிருந்தது.

நேற்று காலை நல்ல கனமான மீன் ஒன்றை இழுத்துப் போட்டார். குனியும்போதே சொன்னார்: "மாப்ள, இன்னிக்கு வாயத் தொறக்காத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

மூத்தவர் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. அலை வடிந்தபோது கல்லில் அவர் இல்லை. அது வந்த வேகத்துக்குக் கத்த நேரமே இருக்கவில்லை.

"ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?" என்று மனைவி நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கொடுத்தால் சிரிக்கிறார்கள், கொடுக்காவிட்டால் அழுகிறார்கள்.

என் பை மட்டும் எப்படி நனையவில்லை என்று நீங்களும் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். அது துணிப் பை, ஐயா. உப்புத் தண்ணீர் பட்டால் வீணாகிவிடும். தூரத்தில் அலை எழுந்ததைப் பார்த்ததும் அதை எடுத்துக்கொண்டு மூன்று கல் மேலே ஏறினேன். வைத்தேன். வாய் திறந்திருந்தது, வாரை இழுத்துக் கட்டினேன். அவர் இன்னும் குனிந்துதான் இருந்தார். நான் வழக்கம்போல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.